மூன்றாவது ஓம்

பெப்ரவரி 4, செவ்வாய். மாலை 4.10. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தனியச் சமாளிக்கிறியளோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். வானிலை பற்றிப் பேசினோம். உரையாடல் ஆறு நிமிடம்.

பெப்ரவரி 10 முதல் 12 வரை. லைப்சிக்கில் இருந்தேன். லூதரன் மிஷன் காலத்துத் தமிழ்க் கடிதங்கள் சிலவற்றை ஒரு நூலகத்தில் வாசித்தேன். 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. அழைக்கவில்லை.

பெப்ரவரி 13, வியாழன். முற்பகல் 9.30. அவருடைய தபால்பெட்டி நிரம்பியிருப்பதை மேல்மாடியில் வசிக்கும் பெண்மணி கண்டார். கட்டடப் பராமரிப்பாளர் வந்து கதவைத் திறந்தார். அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது.

பெப்ரவரி 15, சனி. முற்பகல் 11.25. மருத்துவமனையில் இறந்தார். நினைவு திரும்பவில்லை. வயது அறுபத்தெட்டு.

பெப்ரவரி 21, வெள்ளி. தகனம். வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

மேலுள்ள குறிப்பில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆயினும் இதை அவரிடம் ஒப்படைத்திருந்தால், அன்று பிற்பகலே என் மேசைக்குத் திரும்பி வந்திருக்கும். முதற்பந்தியில் "ஓம்" என்ற சொல்லுக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் வரைந்த மூன்று சிறு வட்டங்கள் இருந்திருக்கும். வேறு விளக்கம் எழுதமாட்டார். அவருக்குக் கீழே வேலை செய்த எங்களுக்கு அந்த வட்டங்களே போதுமானவையாக இருந்தன.

ஜேர்மனியின் ஹம் நகருக்கு அண்மையில், பிராந்திய ரயில் ஒரு நிமிடம் நின்று போகும் சிறு நகரம் ஒன்றின் ஜொப்சென்டரில் அவர் குழுத்தலைவி. அரச உதவியில் வாழ்வோருக்கு வேலை தேடிக் கொடுக்கும் ஆலோசகர்கள் ஒன்பது பேரை அவர் மேற்பார்வை செய்தார். ஒன்பதின்மரில் நான் ஒருவன். வயதில் அவருக்கு ஐந்து ஆண்டு மூத்தவன். மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவன். பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்ட தற்காலிகப் பதவிகள் தீர்ந்துபோனபின், ஐம்பத்துநான்காம் வயதில் அந்த அலுவலகத்துக்கு வந்தவன். அவர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் தொடங்கியவர். பின்னர் அலுவலகப் பயிற்சி முடித்து, மாலை வகுப்புகளுக்குப் போய், ஒவ்வொரு படியாக அந்த நாற்காலிக்கு வந்தவர். அந்தப் படிகளைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை, கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் கேட்டார்:

"எனக்குக் கீழ வேலை செய்யிறது உங்களுக்கு ஓமோ?"

"ஓம்" என்றேன்.

மேசை நாட்காட்டியில் எதையோ வரைந்தார். நான்காம் நாள், தேநீர் அறையில், கெண்டி கொதிக்கும்வரை காத்து நின்றபோது மறுபடியும் அதே கேள்வி. "ஓம் எண்டு சொன்னனான்தானே" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும். "சொன்னியள், சொன்னியள்" என்று சிரித்துக்கொண்டு போனார். அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்க அவருக்கு ஏழு மாதம் பிடித்தது.

என் அறைக் கதவில் என் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' என்று இருந்தது. அந்தப் பெயர்ப்பலகையை நான் விரும்பினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இரண்டாம் வாரம் வந்த ஒரு தமிழ் அம்மா, வேலை பற்றி நான் பேசி முடிக்குமுன் சேலையை முழங்காலுக்குச் சற்று மேலே உயர்த்தி, "இஞ்ச பாருங்கோ டொக்டர், மாடி ஏறினா இந்த இடத்திலதான் கொளுவுது" என்றார். அடுத்த அறையில் இருந்த குழுத்தலைவிக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து நான் அவருக்கு 'டொக்டர்' ஆனேன். அண்ணை என்றோ பெயர் சொல்லியோ அழைக்கமாட்டார். "டொக்டர், முழங்கால் எல்லாம் பாத்து முடிஞ்சுதோ? இந்தக் கோப்புக்கு வருவமோ?" என்பார். பத்தொன்பது ஆண்டுகள் அந்த விளி மாறவில்லை.

அவருடைய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வேலையையோ பயிற்சியையோ முன்வைத்து, வந்தவர் சம்மதித்தால், ஆலோசகர் அதைக் கோப்பில் பதிவு செய்வார். மற்ற அலுவலகங்களில் அத்துடன் கடிதம் புறப்படும். இங்கே கோப்பு முதலில் அவரிடம் போகும். சம்மதம் என்ற சொல்லுக்கு நேரே மூன்று வட்டங்கள் வரைவார். நாங்கள் கேட்ட முதல் முறைக்காக ஒரு வட்டத்தைப் பென்சிலால் நிரப்பி, கீழே திகதியைச் சிறிதாக எழுதுவார். மற்ற இரண்டு முறையும் வேறு நாட்களில் கேட்க வேண்டும். பத்து நாளுக்குள் மூன்று வட்டமும் நிரம்ப வேண்டும். அதன்பின்தான் கையொப்பம்.

"முதல் ஓம் காதுக்கு" என்பார். "கேக்குது எண்டு அர்த்தம். ரெண்டாவது ஓம் மரியாதைக்கு. எதிரில இருக்கிற மனுசனை முறிக்கக் கூடாது எண்டு சொல்லுறது. மூண்டாவதுதான் பதில். அது ஓமாயும் இருக்கும், ஏலாதாயும் இருக்கும். அதைத்தான் எழுத வேணும்."

"உது எனக்குத் தெரியாததோ?" என்று ஒருநாள் சொன்னேன். "ஓம் எண்டது கேக்கிற ஆள் போடுற ஒலிக்குறி. என்ர ஆய்வேட்டில உதைப் பற்றி ஒரு அடிக்குறிப்பே இருக்கு."

"அடிக்குறிப்பிலயோ வைச்சனீங்கள்?" என்றார். "நான் அதை மேல வைச்சிருக்கிறன், டொக்டர்."

ஜேர்மன் சகாக்களுக்கு இது தொடக்கத்தில் விளங்கவில்லை. யோகா வகுப்புக்குப் போகும் ஒரு சகா, தமிழர்கள் நேர்காணலில் திரும்பத் திரும்ப 'ஓம்' சொல்வதைக் கேட்டு, அவர்கள் மன அமைதிக்காக உச்சரிக்கிறார்கள் என்றே ஓராண்டுக் காலம் நம்பியிருந்தார். உண்மை தெரிந்தபோது அவருக்குப் பெரும் ஏமாற்றம். குழுத்தலைவி அவருக்கு ஜேர்மன் மொழியில் சொன்னார்: "அமைதிக்காகச் சொல்வதில்லை, அன்பரே. பயத்தில் சொல்கிறார்கள்." பிறகு, "உங்களிடமும் 'ஜா, ஜா' என்று ஒன்று இருக்கிறதே. அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார். சகா சற்று யோசித்து, "பெரும்பாலும், என்னைத் தொந்தரவு செய்யாதே என்று பொருள்" என்றார். "பார்த்தீர்களா? முதியோர் இல்லத்தில் போதுமான அளவு சாப்பிட்டீர்களா என்று கேட்டால், 'ஜா, ஜா' என்றுதான் சொல்வார்கள். துடைப்புத்தாளைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முழு உருளைக்கிழங்கும் இருக்கும்."

அந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைத்து அவரைப் புகழ்வதை அவர் விரும்பியிருக்கமாட்டார். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு ஜேர்மன் பெண்ணுக்குப் பாண் சுடும் வெதுப்பகத்தில் ஒரு இடம் அமைந்தது. அவள் முதல் கேள்விக்கே ஆம் என்றாள். அந்த ஆம் முழுமையானது. எங்கள் மூன்றாம் வட்டம் நிரம்புவதற்குள் அந்த இடத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். அவள் அலுவலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும், "ஒருமுறை சொன்னால் உங்களுக்குக் காது கேட்காதா?" என்று கத்தினாள். இவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மூன்று நாட்கள், தம் மதிய இடைவேளையில், நகரத்து வெதுப்பகங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்தார். நான்காம் நாள் ஓரிடம் கிடைத்தது. திரும்பி வந்து, "சில பேர் எல்லாத்தையும் ஒரே ஓமில வைச்சிருப்பினம். அதை எனக்குக் காணத் தெரியேல்லை" என்று என்னிடம் சொன்னார். முறையை மட்டும் கைவிடவில்லை. மேலதிகாரி இரண்டு தடவை அழைத்துக் கண்டித்தபோதும் கைவிடவில்லை.

இனி அந்த ஏழாவது மாதம்.

முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஒருவர், ஐம்பத்தெட்டு வயது. இத்தாலிய உணவகமொன்றில் பதினான்கு ஆண்டுகள் கோப்பை கழுவியவர். உணவகம் மூடப்பட்டது. தமிழர் என்பதால் என்னிடம் ஒப்படைக்கப்பட்டார். அடுத்த நகரத்தில், உறைந்த மரக்கறி பொதி செய்யும் குளிர்க் களஞ்சியத்தில் ஓர் இடம் இருந்தது. நானே தொலைபேசியில் பேசி எடுத்த இடம். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

"குளிருக்குள்ள நிண்டு செய்யிற வேலை. ஏலுமோ?"

"ஓம் ஐயா."

"காலமை நாலரைக்குத் துவங்கும்."

"ஓம் ஐயா."

"அப்ப வாற மாதம் முதலாம் திகதி போறியளோ?"

"ஓம் ஐயா. பெரிய உபகாரம்."

'முழுச் சம்மதம்' என்று பதிவு செய்தேன். 'முழு' என்ற சொல்லை நானே சேர்த்தேன். கோப்பு வட்டங்களோடு திரும்பி வந்தபோது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

"ஜேர்மன்காரருக்கு இந்த வட்டம் சரி. நானும் தமிழன், அவரும் தமிழன். அவர் சொன்ன ஓம் எனக்கு விளங்காதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்கள் தமிழன் எண்டபடியாத்தான் அந்த மனுசனுக்கு ஏலாது எண்டு சொல்ல வாய் வராது. வெள்ளைக்காரனெண்டால் எப்பவோ சொல்லியிருக்கும். கதவில டொக்டர் எண்டு கிடக்கு. கோட்டுப் போட்டுக்கொண்டு நீங்கள் கேக்கிறியள். ஆர் உங்களுக்கு இல்லை எண்டு சொல்லுறது?"

இரண்டாம் முறை குழுத்தலைவியே கேட்டார். என்னை உடன் இருத்தினார். முக்கால் மணி நேரம் மீனைப் பற்றிப் பேசினார்கள். எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு வரும், எந்த வலைக்கு எது சிக்கும் என்று அந்த மனிதர் விவரித்தார். அவர் இவ்வளவு பேசக்கூடியவர் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனால் கைகள் மட்டும் பேச்சோடு சேரவில்லை. இரண்டையும் தொடைகளுக்கு நடுவே வைத்திருந்தார். இறுதியில் இவர் கேட்டார்: "அப்ப அந்தக் குளிர் வேலைக்குப் போறியளோ அண்ணை?"

"ஓம் பிள்ளை" என்றார் மேசையைப் பார்த்து.

இவர் இரண்டாம் வட்டத்தை நிரப்பினார். அந்த மனிதர் போனபின், "கையைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "நானும் காணேல்லை" என்றார். "காட்டாமல் வைச்சிருக்கிறார்."

திங்கட்கிழமை மூன்றாம் முறை. இவர் என்னைக் கோட்டைக் கழற்றச் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம், அந்த மனிதருக்கு அருகில் இருக்கச் சொன்னார்.

"அண்ணை, மூண்டாந்தரம் கேக்கிறன். இதுக்குப் பிறகு கேக்கமாட்டன். நீங்கள் ஏலாது எண்டு சொன்னால் ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். இந்த ஐயாவும் கோவிக்கமாட்டார்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. "கோவிக்கமாட்டன்" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. இரண்டு நகங்கள் இல்லை.

"குளிர் பட்டா செத்துப்போகுது பிள்ளை. போன மாரியில கத்தி விரலுக்குள்ள ஏறினதே தெரியேல்லை. தண்ணி சிவந்ததைக் கண்டுதான் பாத்தனான்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஐயா படிச்ச மனுசன். எனக்காண்டி நாலு இடம் கேட்டு எடுத்துத் தந்த வேலை. ஏலாது எண்டு எப்பிடி முகத்துக்கு நேர சொல்லுறது?"

அவருக்கு, மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில், நீராவிக்கு அருகில், ஓர் இடம் பின்னர் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார்.

அன்று மாலை நான் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது, இவர் தம் மேசையிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:

"எனக்குக் கீழ வேலை செய்யிறது உங்களுக்கு ஓமோ?"

"முதல் ரெண்டு தரமும் இல்லை" என்றேன். "இப்ப ஓம்."

"தெரியும்" என்றார். "அதாலதான் ஏழு மாசம் விட்டனான்."

ஜேர்மன் மொழியில் எங்கள் பதவியின் பெயரில் 'ஃபால்' என்ற சொல் இருக்கிறது. விவகாரம் என்பது அலுவலகப் பொருள். விழுதல் என்பதற்கும் அதே சொல்தான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று திங்கட்கிழமைக் கூட்டமொன்றில் சக ஆலோசகர்களுக்கு நீளமாக விளக்கினேன். எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். இவர் முடிவில், "விழுந்தவரைத் தூக்குமுன் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒருமுறை அல்ல" என்றார். கூட்டம் முடிந்தது.

நான் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றேன். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் என் மனைவி காலமாகியிருந்தார். விடைபெறும் நாளில், கேக் வெட்டியபின், இவர் அருகில் வந்து, "இனி வேலையும் இல்லை. வீட்டில தனியச் சமாளிப்பியளோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மறுவாரம் ஒரு பழைய கோப்பைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கோப்பில் கேட்பதற்கு எதுவும் இல்லை. "சமாளிக்கிறியளோ?" "ஓம்." அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி கடந்து பத்து நிமிடம், வாசல்மணி அடித்தது. ஒரு பையில் தோடம்பழத்தோடு நின்றார். சமையலறைக்கு வந்தார். மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. நான் அப்போதும் இரண்டு பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பைகளைப் பார்த்தார்; பின் என்னைப் பார்த்தார்.

"டொக்டர், சமாளிக்கிறியளோ?"

"ஏலாமக் கிடக்கு" என்றேன்.

அவர் அந்த இரண்டாவது கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். அடுத்த செவ்வாய் 4.10க்குத் தொலைபேசி மணி அடித்தது. அதற்கடுத்த செவ்வாயும். அவர் ஓய்வு பெற்ற பின்னும் அது நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எப்போதும் நீங்களே அழைப்பது முறையல்ல, இனி நான் அழைக்கிறேன் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். அன்று தொட்டுக் கேட்பவன் நானானேன்.

அவரிடம் நான் எதையும் ஒருமுறைக்கு மேல் கேட்டதில்லை. கணவரைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அது மூடின கோப்பு" என்றார். ஊருக்கு ஏன் ஒருதரமும் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "வெயில் ஒத்துவராது" என்றார். போன இலையுதிர்காலத்தில் தொலைபேசியில் நெடுநேரம் இருமினார். "டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" என்று கேட்டேன். "டொக்டரோடதானே கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்து, மீண்டும் இருமினார். நான் வேறு விஷயத்துக்குப் போனேன். ஒருமுறை கேட்டு, தரப்பட்ட விடையை ஏற்று, அத்துடன் நிறுத்திக்கொள்வதே நாகரிகம் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அதை நான் மரியாதை என்றே எண்ணியிருந்தேன்.

பெப்ரவரி 4ஆம் திகதி உரையாடலை இங்கே முழுமையாகத் தருகிறேன். முதற்பந்தியில் சுருக்கியிருந்தேன்.

"தனியச் சமாளிக்கிறியளோ?"

கடதாசி ஒன்று புரளும் ஒலி கேட்டது. "ஓம்" என்றார். பிறகு, "உங்கட பக்கம் பனியோ?"

"முந்தநாள் கொட்டினது. இப்ப கரைஞ்சிட்டுது. நான் அடுத்த கிழமை லைப்சிக் போறன். பழைய கடிதங்கள் கொஞ்சம் பாக்க வேணும்."

"ஆர் எழுதினது?"

"பாதிரிமாருக்குத் தமிழ் ஆக்கள் எழுதினது."

"பதில் போட்டவையோ?"

"சிலதுக்கு" என்றேன். அந்தக் கடிதங்களைப் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். அவர் நடுவில் "ஓம்… ஓம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "சரி அண்ணை, வையுங்கோ" என்றார்.

அண்ணை என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் தடவை. அதை நான் கவனித்தேன். தொலைபேசியை வைத்தபின், விளிச்சொல் மாறுவதன் காரணங்கள் குறித்துச் சற்று நேரம் யோசிக்கவும் செய்தேன். சுவையான மாற்றம் என்று எனக்குத் தோன்றியது. மீண்டும் அழைத்துக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பின்னர் லைப்சிக்குக்கான பயணப்பையை எடுத்து வைத்தேன்.

தகனத்துக்கு அந்த முல்லைத்தீவு மனிதர் வந்திருந்தார். இப்போது மிகவும் முதியவர். கையுறைகளைக் கழற்றாமல் என் கையைப் பற்றினார்.

"கடைசியா ஐயாதான் அவவோட கதைச்சதாம்."

"ஓம்."

"என்ன கேட்டனீங்கள்?"

"தனியச் சமாளிக்கிறியளோ எண்டு."

"என்ன சொன்னவ?"

"ஓம் எண்டு சொன்னவ."

அவர் தலையசைத்தார். பின், மிச்சத்தைக் கேட்கக் காத்திருப்பவரைப்போல் என் முகத்தைப் பார்த்து, "பிறகு?" என்றார்.

அதற்குள் உள்ளே அழைத்தார்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி, ஜேர்மன் கடிதங்களை வாசித்துப் பிரித்துத் தருமாறு என்னைக் கேட்டார். மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். மேல்மாடிப் பெண்மணி படிகளில் நின்றிருந்தார். தாம் கேட்கவே செய்ததாகச் சொன்னார். கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்டாராம். "'ஜா, ஜா, எல்லாம் நன்றாக இருக்கிறது' என்றார். நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?" அவர் அழுதுகொண்டிருந்தார். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

சமையலறை மேசையில், மூக்குக்கண்ணாடிக்கு அடியில், தனியே இயலாதோருக்கு உதவி வழங்கும் பராமரிப்புக் காப்புறுதிக்கு அனுப்பும் விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது. பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவை அவருடைய நேர்த்தியான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: அன்றாட வாழ்வில் உங்களுக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறதா? ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். இரண்டிலும் அடையாளம் இடப்படவில்லை. ஓரத்தில் பென்சிலால் மூன்று வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. முதல் வட்டம் நிரப்பப்பட்டிருந்தது. அதன் கீழே, சிறிய எழுத்தில், திகதி இருந்தது: 4.2.

மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தன.

செய்யாமல் விட்டவை:

பெப்ரவரி 11, மாலை 4.10: லைப்சிக்கிலிருந்து அழைப்பது.

இருமலைப் பற்றி, சிரிக்காமல், மறுபடியும் கேட்பது.

ஏன் அண்ணை என்று அழைத்தீர்கள் என்று கேட்பது.

விண்ணப்பப் படிவத்தைக் காப்புறுதிக்குத் திருப்பி அனுப்புவது. அது என் மேசையில் இருக்கிறது.

இரண்டாவது வட்டம்.

மூன்றாவது.